எட்டு ஐம்பத்திரண்டு

மோகன்குமார் ரிக் வண்டிக்குப் போனபோது அவனுக்கு வயது பத்தொன்பது. மல்லசமுத்திரத்துக்கும் வையப்பமலைக்கும் நடுவில், தார்ச்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஊர் அவனுடையது. அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஓர் ஆளாவது போர் போடும் வண்டியோடு வடக்கே போயிருப்பார்கள். துளைக்கும் இரும்பு ராடு தூக்கி மாட்டும் வேலையில் சேர்ந்தவன் ஏழு வருடத்தில் டிரில்லர் ஆனான். அதற்கப்புறம் ஒரு வண்டியையே பார்த்துக்கொள்ளும் மேனேஜர் ஆனான். ஆந்திரா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று சுற்றிச் சுற்றி, மேலே வரும் மண்தூளின் நிறத்தை வைத்தே எத்தனை அடியில் தண்ணீர் என்று சொல்லப் பழகியிருந்தான்.

மதுமதியைக் கட்டிப் பதினெட்டு வருடம். தீபாவளிக்கு ஒரு வாரம், மாரியம்மன் நோம்பிக்கு ஒரு வாரம், மழைக்காலத்தில் வண்டி நிற்கும் ஒன்றிரண்டு மாதம். அவன் ஊரில் இருப்பது அவ்வளவுதான். மீதியெல்லாம் போனில் நடந்த குடித்தனம். மாடு கன்று போட்டதும், மகள் தனப்பிரியா பெரியவளானதும், நிலக்கடலைக்குள் பன்றி புகுந்ததும் அவனுக்குப் போனில்தான் தெரிந்தன. மதுமதி பேசப் பேச அவனுக்குத் தோட்டமே கண்ணில் தெரியும். அப்படிப் பேசுவாள். ஒரு சங்கதியைச் சொல்ல ஆரம்பித்து, நடுவில் நாலு பேருடைய கதைக்குள் போய், கடைசியில் தொடங்கிய இடத்துக்கே பிசகாமல் வந்து நிற்பாள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று மார்ச்சில் தனப்பிரியாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அப்போது மோகன்குமாரின் வண்டி மத்தியப் பிரதேசத்தில், நாக்பூரிலிருந்து வடக்கே மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு கோதுமைக் காட்டில் நின்றிருந்தது. அன்று காலை, பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மதுமதி வீடியோவில் கூப்பிட்டாள். வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். தலை குளித்துத் துண்டு கட்டியிருந்தாள். நோம்பிக்கு விரதம்.

“ஏனுங்க, உங்க மக ஒண்ணுமே திங்காமப் போயிட்டா. ரெண்டு இட்லி வெச்சா, ஒண்ணைத் தட்டுலயே…”

அடுத்த வார்த்தை குழைந்தது. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்தான். மறுபடியும் ஏதோ சொன்னாள். நாக்குத் தடித்தவள் பேசுவதுபோல இருந்தது. அவளுடைய வாயின் வலது ஓரம் கீழே சரிந்து தொங்கியது.

அவனுக்கு அது என்ன என்று தெரியும். போன வருடம் ராய்ப்பூர் பக்கம் அவர்களுடைய சப்போர்ட் லாரி ஓட்டிய செல்லமுத்துவுக்கு இதேபோல் வாய் கோணியது. வெயில் என்று நினைத்து நிழலில் படுக்கவைத்துவிட்டார்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது அங்கிருந்த டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் கட்டி அடைத்திருக்கிறது, நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் கரைக்க ஊசி இருக்கிறது என்றார். வாய் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள் என்று விரல் மடக்கிச் சொன்னார். இரண்டு வாரத்தில் செல்லமுத்து போய்ச் சேர்ந்தார்.

“மதி, ரெண்டு கையையும் தூக்கு. மதி! என்னையப் பாரு. கையைத் தூக்கு சாமி!”

அவள் இடது கையைத் தூக்கினாள். அவ்வளவுதான். போன் நழுவியது. அதற்கப்புறம் திரையில் வேப்பங்கிளையும் வானமும் மட்டும் தெரிந்தன. அவன் கத்திய கத்தல் அங்கே யார் காதிலும் விழவில்லை. ஒரு கோழி வந்து போனை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மணி எட்டு ஐம்பத்திரண்டு.

அந்தக் காட்டில் சிக்னல் கிடைக்கும் இடம் கம்ப்ரசர் லாரியின் மேல்தளம் மட்டுமே. அங்கே நின்று வீட்டுக்குப் பேசக் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கத்த வேண்டும்; கம்ப்ரசர் இரைச்சலில் சொந்தக் குரலே கேட்காது. கீழே நின்ற டிரில்லர் ரங்கனைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினான். நானூற்றி எண்பது அடி இறங்கியிருந்தது. அந்த நேரத்தில் தூளை மேலே ஊதித் தள்ளும் காற்றை நிறுத்தினால் உள்ளே தூள் இறங்கி ராடு மொத்தமும் சிக்கிக்கொள்ளும். ரங்கன் அவனுடைய முகத்தைப் பார்த்தான். நிறுத்திவிட்டான்.

அண்ணனுக்குப் போன் அடித்தான்; அவருடைய பெயரே சின்னண்ணன். இரண்டு காடு தள்ளி வீடு, வாசலில் ஆம்னி வேன். ஆனால் காலையில் அவர் மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். அண்ணி பால் சொசைட்டிக்குப் போயிருப்பாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஏழு தடவை.

நூற்றியெட்டுக்கு அடித்தான். இந்தியில் ஒரு பெண் எடுத்தாள். எந்த மாவட்டம் என்று கேட்டாள். நாமக்கல் என்றான். அவளுடைய கணினியில் அப்படி ஒரு மாவட்டம் இல்லை.

“தமிழ்நாடுங்க, தமிழ்நாடு,” என்று இந்தியும் தமிழுமாகக் கெஞ்சினான்.

அவள் பொறுமையாகத்தான் சொன்னாள்: இந்த எண் எந்த மாநிலத்திலிருந்து அடிக்கிறீர்களோ அந்த மாநிலத்துக்குத்தான் போகும், ஊரில் இருப்பவர்களை அடிக்கச் சொல்லுங்கள். வைக்கும்போது, “கவலைப்படாதீர்கள் அண்ணா” என்றாள்.

ஊரில் இருப்பவர்கள். பதினெட்டு வருடம் போனிலேயே குடும்பம் நடத்தியவனிடம் பக்கத்து வீட்டுக்காரர் எண் இல்லை. எல்லாம் மதுமதியிடம் இருந்தன. கோயில் வாட்ஸ்அப் குழுவில் தேடி, சாலைப் பிரிவில் டீக்கடை வைத்திருக்கும் கண்ணுசாமியின் எண்ணைக் கண்டுபிடித்தான். கண்ணுசாமி நல்ல மனுஷன். அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார். ஓடும்போதே ஆம்புலன்ஸுக்கும் சொன்னார். சின்னண்ணனைத் தோட்டத்தில் தேடிப் பிடித்து, இரண்டு பேருமாக மதுமதியிடம் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை ஆகும் நேரம். அண்ணியும் பால் பாத்திரத்தோடு அப்போதுதான் வந்தாள்.

சின்னண்ணன் கீழே கிடந்த மதுமதியின் போனை எடுத்தார். மூச்சு வாங்கியது.

“தம்பி, ஒண்ணும் பயப்படாத. வெரதம் இருந்துச்சல்ல, மயக்கம் போட்டு உழுந்திருக்குது. கண்ணு முழிச்சுத்தான் இருக்குது. உங்க அண்ணி சோடா ஒடைச்சுக் குடுத்துட்டிருக்கா.”

“வாயில ஒண்ணும் ஊத்தாதீங்கண்ணா! இது மயக்கமில்லீங்க, வாதம். நேராச் சேலம் போயிருங்க. தலையை ஸ்கேன் எடுக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு. நாலரை மணி நேரந்தான் டைமு. எட்டு ஐம்பத்திரண்டுக்கு வந்ததுங்க. ஒண்ணேகாலுக்குள்ள ஊசி போட்டாகோணும்.”

“செரி செரி. ஆம்புலன்ஸ் வாரதுக்கு எந்நேரமாகுமோ. நான் வண்டிய எடுத்துர்றேன். வையப்பமலை டாக்டருகிட்ட ஒரு எட்டுக் காட்டிட்டு…”

“வேண்டாங்கண்ணா. நேராப் போயிருங்க.”

“அவுரு நம்ம அப்பன் காலத்துலருந்து பாக்கறவருடா. பிரசர் பாத்து ஒரு ஊசி போட்டு உட்டா வழியில தெம்பா இருக்கும். அம்மணி இப்பிடிக் கெடக்கறப்ப அத்தாந்தூரம் எப்பிடிக் கொண்டுக்கிட்டுப் போறது? வழியில எதுனா ஆயிட்டா?”

சேலம் வடக்கே. வையப்பமலை தெற்கே. மோகன்குமார் லாரி மேல் மண்டியிட்டு உட்கார்ந்தான். அண்ணன் கெட்டவர் அல்ல. அவனைப் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிப் போனவர். அப்பா இறந்தபின் அவனுக்குப் பெண் பார்த்து முடித்தவர். மதுமதியைத் தன் கூடப்பிறந்தவள் மாதிரி வைத்திருப்பவர். அவர் பயந்து போயிருக்கிறார், பயந்தவர் தெரிந்த வாசலுக்குத்தான் ஓடுவார் என்று அவனுக்குப் புரிந்தது. புரிந்தும் ஒன்றும் ஆகவில்லை. வண்டிச் சாவி அவர் கையில் இருந்தது.

ஆம்புலன்ஸ் ஒன்பது ஐம்பதுக்கு வந்தது. வீடு பூட்டியிருந்தது. கண்ணுசாமி கூப்பிட்டு அதைச் சொன்னபோது அழுதுவிட்டார். “அஞ்சு நிமிசம் முந்தித்தாங்க போனாங்க. நானு எத்தனையோ சொன்னனுங்க.”

வையப்பமலை டாக்டர் பத்தரைக்குத்தான் வருவார். பெஞ்சில் மதுமதியைச் சாய்த்து உட்காரவைத்து, அண்ணி தோளில் தாங்கிக்கொண்டாள். காத்திருந்தவர்களில் ஒருவர் புறா ரத்தம் சூட்டோடு தேய்த்தால் கை கால் திரும்பும் என்று சொல்ல, சின்னண்ணன் அதற்கும் ஒரு ஆளிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். மோகன்குமார் அண்ணியின் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். யாரிடமாவது போனைக் கொடுங்கள், நர்ஸிடம் கொடுங்கள் என்றான். நர்ஸ் வாங்கி, “டாக்டர் வந்துருவாருங்க” என்றாள்.

டாக்டர் வந்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. ரத்த அழுத்தம் இருநூற்றுப் பத்து. “இதை ஏம்ப்பா இங்க கொண்டாந்தீங்க? ஒரு நிமிசம் நிக்காதீங்க, சேலம் போங்க” என்று அவரே வெளியே வந்து வண்டிக் கதவைச் சாத்தினார்.

அப்போது பத்து நாற்பத்தைந்து. அங்கிருந்து நேராகப் போயிருந்தாலும் பன்னிரண்டுக்குச் சேலம். ஆனால் வண்டிக்குள் மதுமதிக்கு வாந்தி வந்தது. கண் மேலே சொருகியது. அண்ணி அலறினாள். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே போ என்று கத்தினாள். சின்னண்ணன் வண்டியைத் திருச்செங்கோட்டுப் பக்கம் திருப்பினார். மோகன்குமார் அதைப் போனில் கேட்கவில்லை. வழியில் சிக்னல் போயிருந்தது. லாரி மேல் நின்றபடி ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டிருந்தான். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று ஒரு பெண் தமிழில் சொன்னாள், அப்புறம் ஆங்கிலத்தில் சொன்னாள். கீழே ரங்கனும் மற்றவர்களும் ஹைட்ராலிக்கில் ராடை உருவிப் பார்த்தார்கள். அசையவில்லை. கோதுமைக் காட்டின் சொந்தக்காரர் வந்து என்ன விஷயம் என்று கேட்டார். யாரோ சொன்னார்கள். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு லாரிக்குக் கீழே வந்து நின்றார்.

பதினொன்றரைக்குத் தொடர்பு கிடைத்தது. ஒரு நர்சிங் ஹோமில் படுக்க வைத்து டிரிப் ஏற்றியிருந்தார்கள்.

“ஸ்கேன் எடுத்தாங்களாண்ணா?”

“ஸ்கேன் மிசினு இங்க இல்லியாமா. பெரிய டாக்டரு ஆபரேசன்ல இருக்காரு, வந்து பாத்துட்டுச் சொல்றேன்னாங்க. இப்ப வாந்தி நின்னுருச்சு. கொஞ்சம் தெளிவாத்தான் தெரியுது.”

“ஏனுங்கண்ணா, இது தெளியற சங்கதியில்லீங்க. ஒவ்வொரு நிமிசமும் மூளை செத்துட்டு இருக்குதுங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன், தூக்கீட்டுப் போங்க.”

“டிரிப்பு மாட்டியிருக்குதுடா. நானே எப்பிடிக் கழட்டறது?” என்றார். அறுபது வயது மனிதர் குழந்தை மாதிரி கேட்டார்.

பெரிய டாக்டர் வந்து, பார்த்து, சீட்டு எழுதி, அவர்கள் கிளம்பியபோது பன்னிரண்டு முப்பத்தைந்து. திருச்செங்கோட்டிலிருந்து சேலத்துக்குப் போகும் சாலை மல்லசமுத்திரம் வழியாகத்தான் போகிறது. ஒரு மணிக்கு ஆம்னி தங்கள் ஊர்ப் பக்கத்தையே தாண்டிப் போனது. அங்கேதான் தனப்பிரியாவின் பள்ளிக்கூடம். உள்ளே அவள் கடைசிப் பக்கங்களை எழுதிக்கொண்டிருந்திருப்பாள். வெளியே அவளுடைய அம்மாவைப் பின்சீட்டில் படுக்கப்போட்டு வண்டி போய்க்கொண்டிருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒன்று இருபத்திரண்டுக்கு அவர்கள் ஆட்டையாம்பட்டியைத் தாண்டியிருந்தார்கள். நாலரை மணி நேரம் முடியும் அந்த நிமிடம் போன் கடிகாரத்தில் மாறுவதை மோகன்குமார் பார்த்தான். அதற்கப்புறமும் அடிப்பதை அவன் நிறுத்தவில்லை. ஆனால் பேசும்போது குரலில் அவசரம் இல்லை. அண்ணிக்கே அது வித்தியாசமாகப் பட்டதாம்.

சேலம் ஆஸ்பத்திரியில் ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. வாசலிலேயே ஸ்ட்ரெச்சர், நேராக ஸ்கேன். ஒரு இளம் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, “எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?” சின்னண்ணன் ஒன்பதரை என்றார். அவர் பார்த்தது ஒன்பதரைக்குத்தான். அந்தக் கணக்கில் இரண்டு மணிவரைக்கும் ஊசி போடலாம். டாக்டர் முகத்தில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. அப்போது, மோகன்குமார் லைனில் இருந்த போனை அண்ணி டாக்டரிடம் நீட்டினாள்.

“சார், நான் அவளோட வீட்டுக்காரருங்க. வாய் கோணறதை வீடியோவுல பாத்தது நான்தானுங்க. எட்டு ஐம்பத்திரண்டுங்க.”

“நிச்சயமாவா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க.”

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. நேரம் கடந்து அந்த ஊசி போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியும் என்று ராய்ப்பூர் டாக்டர் சொன்னதும் கூடவே ஞாபகம் வந்தது. “நிச்சயமாத்தானுங்க,” என்றான். சொல்லிவிட்டு லாரித் தகரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

ஸ்கேனில் மூளையின் இடது பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பகுதி கறுத்திருந்தது. இதற்குமேல் கட்டியைத் தொட்டால் ஆபத்து என்றார் டாக்டர்.

நாக்பூரிலிருந்து ரயில் பிடித்து, சேலம் ஜங்ஷனில் இறங்கி, அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது மூன்றாம் நாள் காலை. தனப்பிரியா படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தாள். அடுத்த பரீட்சைக்கான புத்தகம் மடியில் மூடிக் கிடந்தது.

“நான் அன்னைக்கு ஊட்டுல இருந்திருந்தா…” என்றாள்.

“இருந்திருந்தாலும் உனக்கென்ன தெரியும் சாமி,” என்றான். அது ஆறுதலா குறையா என்று அவனுக்கே தெரியவில்லை.

மதுமதி அவனைப் பார்த்தாள். கண்ணில் எல்லாம் இருந்தது. வாயைத் திறந்தாள். “செரிங்க,” என்றாள். என்ன வலிக்கிறது என்று கேட்டான். “செரிங்க.” தண்ணீர் வேண்டுமா? “செரிங்க, செரிங்க.” அவளுக்குள் இருந்த அத்தனை ஊர்க்கதையும் எங்கோ அடைபட்டு, அந்த ஒரு வார்த்தை மட்டும் வெளியே வந்துகொண்டிருந்தது. தப்பாக வருகிறது என்று அவளுக்கும் தெரிந்தது. இடது கையால் தன் வாயைத் தானே அடித்துக்கொண்டாள்.

அவன் அதற்கப்புறம் ரிக்குக்குப் போகவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து அவளுக்குக் கைப்பயிற்சி கொடுக்கிறான். இரண்டு வருடத்தில் அவள் ஊன்றுகோலோடு வாசல்வரை நடக்கிறாள். நாற்பது, ஐம்பது வார்த்தைகள் வந்திருக்கின்றன. தனப்பிரியா சேலத்தில் நர்சிங் படிக்கிறாள்.

கிராமசபைக் கூட்டத்தில் ஒரு தடவை எழுந்து பேசினான். வாய் கோணல், கை விழுதல், பேச்சுக் குழறல், நேராக ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரி. எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். அவன் உட்கார்ந்ததும் குடிநீர்க் குழாய்ப் பேச்சு ஆரம்பமானது. இருந்தாலும் கண்ணுசாமியின் டீக்கடைச் சுவரில் தன்னுடைய எண்ணைச் சுண்ணாம்பால் எழுதி வைத்தான்.

போன ஆடி மாதம் ஒரு மத்தியானம் அந்த எண்ணுக்கு ஒரு பெண் அடித்தாள். அவள் வீட்டுக்காரர் சண்முகவேல் கறிக்கோழிப் பண்ணையில் தீவனம் போட்டுக்கொண்டிருக்கும்போது வாளியை விட்டுவிட்டாராம், கை பிடிக்கவில்லையாம். மோகன்குமார் வேனை எடுத்தான். யாரிடமும் காட்டவில்லை, எங்கும் நிற்கவில்லை. வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நேரத்தைச் சொன்னான். வாளி நழுவியதிலிருந்து ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் ஊசி ஏறிவிட்டது. ஒன்பதாம் நாள் சண்முகவேல் தன் காலாலேயே நடந்து ஊருக்குள் வந்தார். அந்த வாரமே வீட்டுக்கு வந்து ஒரு தட்டில் பழம் வைத்துக் கொடுத்தார். மதுமதி இடது கையால் வாங்கிக்கொண்டு அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னண்ணன் அன்று வேலி ஓரத்தில் நின்றிருந்தார். அந்த மார்ச்சுக்குப் பிறகு அவர் தம்பி வீட்டுக்குள் வருவதில்லை. தேங்காயோ கீரையோ கொண்டுவந்து வாசல்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். சண்முகவேல் நடந்து போய்ச் சாலைப் பிரிவில் திரும்பும்வரை பார்த்தார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

“நானும் அன்னைக்கு நீ சொன்ன மாதிரி நேராப் போயிருந்தா, அம்மணி இப்பிடித்தான் நடந்திருக்குமாடா?”

இல்லை என்று சொல்ல வேண்டும் என்றுதான் மோகன்குமார் வாயைத் திறந்தான். எல்லாருக்கும் அந்த ஊசி கேட்பதில்லை, டாக்டரே சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னால் அண்ணன் இன்று ராத்திரி தூங்குவார். ஆனால் ஆமாம் என்று சொல்ல வேண்டும்போலவும் இருந்தது. இரண்டு வருடமாக அது அவனுடைய நெஞ்சிலேயே கிடந்தது.

“உள்ள வாங்கண்ணா,” என்றான். “சாப்பாடு ஆயிருச்சு. சாப்புட்டுட்டுப் போலாம்.”

அண்ணன், “இல்லடா, அண்ணி காத்திருப்பா” என்று சொல்லிவிட்டு, வரப்பில் இறங்கி நடந்தார்.